புலவரும் அரசும்

உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவரைப் பகைவனின் ஒற்றர் என்று ஐயுற்றுக் கொல்ல முற்பட்டான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் இடைபுகுந்து, பரிசில் வாழ்க்கையினர் பிறர்க்குத் தீங்கு எண்ணார் என எடுத்துரைத்து அவரைக் காத்தார். புறநானூறு காட்டும் இந்நிகழ்ச்சி ஒரு வினாவை எழுப்புகிறது. எல்லை கடந்து வரும் அறிஞரை அரசு எக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும்?

இவ்வினாவுக்கு விடை தேட, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் வரலாறு பெரிதும் துணைபுரியும். 1964ஆம் ஆண்டு சனவரியில், தில்லியில் கீழ்த்திசைக் கலை அறிஞர் மாநாடு கூடியபோது தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால் இம்மன்றம் தோன்றியது. அடிகளார் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் துறவி. முதல் தலைவர் ஃபிலியோசா பிரெஞ்சு அறிஞர். செயலாளருள் ஒருவரான கமில் சுவலபில் செக் நாட்டவர். சமயமும் நாடும் கடந்து தமிழால் இணைந்தோர் இவர்கள். கோலாலம்பூர் (1966), சென்னை (1968), பாரிசு (1970) என மாநாடுகள் தொடர்ந்தன.

அரசுகள் கைகொடுத்திராவிடின் இத்துணைப் பெருவிழாக்கள் நிகழ்ந்திரா. மதுரை மாநாடு நடந்த 1981ஆம் ஆண்டிலேயே தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. இந்நன்றியை மறத்தல் தகாது.

எனினும், கொடுத்த கை கட்டவும் முற்படும்போது ஆய்வு நலிகிறது. 1974ஆம் ஆண்டு மாநாட்டைக் கொழும்பில் நடத்துமாறு இலங்கை அரசு வற்புறுத்தியது. அமைப்பாளர்கள் யாழ்ப்பாணத்திலேயே நடத்தினர். சனவரி 10ஆம் நாள் பொதுக்கூட்டத்தில் காவல்துறை தலையிட்டதையடுத்து, தமிழ் கேட்க வந்த மக்களுட் சிலர் மாண்டனர். 1995ஆம் ஆண்டு தஞ்சை மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, நம் நாட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்பெற்றார். அன்று கோவூர்கிழார் ஒருவர் இல்லாமற் போனார்!

அறிஞர் வருகையால் விளையும் நன்மைக்கு நம் துறையிலேயே சான்று உண்டு. இலங்கையில் பிறந்த ம.மு. உவைஸ், முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டு பற்றிய தம் ஆய்வை 1953இல் நூலாக்கினார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக விளங்கினார். அவர் பங்கேற்று உருவாக்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளை நாடாமல் இன்று எம்மாணவரும் இத்துறையில் ஆய்வு செய்தல் அரிது. அவரையும் அன்று வாயிலில் தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு?

ஒன்பதாம் மாநாட்டைக் கோவையில் நடத்தத் தமிழக அரசு 2009இல் விழைந்தபோது, நல்ல கட்டுரைகள் உருவாகப் போதிய காலம் வேண்டும் என்றார் மன்றத் தலைவரான சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா. காலம் குறித்து உடன்பாடு எட்டப்படவில்லை. 2010 சூனில் அரசு செம்மொழி மாநாட்டைத் தனியே நடத்தியது. முன்பு திருப்பி அனுப்பப்பெற்ற சிவத்தம்பி அதில் பங்கேற்றது ஆறுதல் தரும் செய்தி. மன்றத்தின் ஒன்பதாம் மாநாடோ 2015இல் கோலாலம்பூரில்தான் கூடியது. அரசுக்கு ஆட்சிக்காலம் அளவுகோல். ஆய்வுக்கு உண்மையே அளவுகோல். இரண்டும் முரணும்போது நாள் குறிக்கும் உரிமை அறிஞர்க்கே உரியது.

ஆகவே அரசு பொருளும் இடமும் வழங்குக. நாளையும் பொருண்மையையும் அழைப்புப் பட்டியலையும் அறிஞரிடம் விடுக. அழைக்கப்பெற்றவர்க்கு நுழைவிசைவு மறுப்பின், அதற்குரிய காரணத்தை எழுத்தில் தருக. அறிஞர் உலகுக்கும் கடமை உண்டு. தனக்கென ஒரு நிதியமும், உறுப்பினர் சந்தாவும், காலந்தவறாத கட்டுரைத் தொகுதியும் இல்லாத மன்றம் ஒவ்வொரு முறையும் அரசின் வாயிலில்தான் நிற்க நேரும். நம் சமுதாயப் பெரியோர் வக்ஃபு செய்து கல்விக்கூடங்களை நிலைநிறுத்திய மரபு இங்கு நல்வழி காட்டும். அத்தகைய அறக்கட்டளை தமிழாய்வுக்கும் அமையுமாயின், புலவர் அரசின் விருந்தினராக வரலாம்; அதன் ஏவலராக வர வேண்டியதில்லை.