இறங்காதே என்று எழுதியவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு மூன்றரை மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். வேலையில் இருந்த 34 வருடமும் அப்படித்தான், ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். அப்பா விட்டுப்போன பழக்கம். வாலாஜாபாத்திலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம் போனால் எங்கள் சிற்றேரி. தென்னேரி மாதிரிப் பெரிய ஏரி இல்லை. பெயர் சொன்னாலும் பலருக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோரையைத் தாண்டி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றால், கிழக்கு வெளுப்பதற்குள் ஒரு விரால் கிடைக்கும். கிடைக்காமலும் போகும்.

கரையில் உட்கார்ந்தே தூண்டில் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் விராலை அறியாதவர்கள். அது காற்றைக் குடிக்க மேலே வருகிற மீன். இருட்டில் "ப்ளக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கோரையின் உள்ஓரத்தில் எந்த இடத்தில் கேட்டதோ, அங்கே தவளைக் குஞ்சு மாட்டிய முள்ளை மெதுவாக இறக்க வேண்டும். தண்ணீரில் நிற்பவனுக்குத்தான் அது கைக்கு எட்டும். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் மட்டும் அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அதைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது தூண்டில் போட அல்ல, நடக்க. "காலைத் தூக்கி வெக்காதடா, தேச்சு வெய்யி." தேய்த்து நடந்தால் கட்டைவிரலுக்கு எல்லாம் தெரியும். இது வண்டல், இது களி, இங்கே சரளை, இன்னும் பத்தடி போனால் பழைய கால்வாய்த் தடம். மதகுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு, அது ஊருக்கே தெரியும். மற்றபடி எங்கள் ஏரி தாம்பாளத் தட்டு மாதிரி மெல்ல மெல்ல இறங்கும். அது தானாக அமைந்த வடிவம் இல்லை, நண்பர்களே. சித்திரை, வைகாசியில் ஏரி காய்ந்ததும் ஊரார் மாட்டு வண்டியில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். பாரம் ஏற்றிய வண்டியை மாடு மேலே இழுத்து வரவேண்டும். ஆகவே செங்குத்தாக யாரும் தோண்ட முடியாது. ஏரியின் சரிவை மாடுதான் காப்பாற்றியது.

பொக்லைனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மூன்று வருடம் முன்பு எங்கள் ஏரியில் சவுடு எடுத்தார்கள். தூர் வாருகிறோம் என்றுதான் சொன்னார்கள். தூர் என்பது ஏரி முழுக்கப் படிந்திருப்பது. அதை வாருகிறவன் பரவலாக வாருவான். இவர்கள் லாரி நிற்கத் தோதான ஒரே மூலையில் பதினைந்தடிக்குக் கிணறு மாதிரி வெட்டினார்கள். அனுமதிச் சீட்டில் ஆழம் எழுதியிருக்கும். யார் இறங்கி அளந்தார்கள்? மழை வந்தது, பள்ளம் மறைந்தது. பிறகு ஒரு பலகை வந்தது: "ஆழமான பகுதி. ஏரியில் இறங்காதீர்." ஆழமாக்கியது யார் என்று அதில் எழுதவில்லை.

போன ஐப்பசியில் என் தங்கை மகன் கூட வந்தான். பதினாறு வயது. எனக்கு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். "மாமா, காலுக்குத் தரை இல்ல மாமா" என்றான். அவ்வளவுதான், ஆளைக் காணோம். எனக்கு நீச்சல் அரைகுறை. கையிலிருந்த மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் நீட்டித் துழாவினேன். இரண்டாவது தடவை அந்தப் பக்கம் ஒரு பிடி விழுந்தது. இழுத்துக் கரை சேர்த்தபோது ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அன்றைக்குத் தங்கையிடம் வழுக்கி விழுந்தான் என்றுதான் சொன்னேன். இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

மறுநாள் மனு எழுதிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "போர்டு வெச்சிருக்கோமே சார். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் மீனு?"

மீன் எதற்கு என்று சொல்கிறேன். அரிவாள்மணையில் சாம்பல் போட்டுத் தேய்த்து, மண்சட்டியில் புளி கரைத்து வைக்கத்தான். அதுவல்ல விஷயம். பொழுது விடியும் முன் ஏரியில் கால் வைக்கிறவன் ஒருவன் இருந்தவரை, ஏரிக்குள் நடப்பதை அறிந்தவன் ஒருவன் இருந்தான். கரையில் நண்டு வளை பெரிதானால் அவன்தான் வந்து சொல்வான், மதகில் கசிவு என்றால் அவன்தான் பார்ப்பான். அவனை வெளியே நிறுத்திவிட்டால் தோண்டுகிறவனுக்கு வசதி.

பள்ளம் இருந்தால் கூடுதல் தண்ணீர் நிற்குமே என்று ஒரு வாதம். நிற்கும். அக்கம்பக்கத்துக் கிணற்றுக்கு ஓரளவு ஊறவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் ஒரு சொட்டுகூட வயலுக்குப் பாயாது. களிப்படுகையை வெட்டி அடி மணலைத் தட்டிவிட்டால், மாசியில் நிற்க வேண்டிய தண்ணீர் தையிலேயே இறங்கிவிடும்.

மண் எங்கே போனது என்று கேட்கவே வேண்டாம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனை பள்ளக்காடு மேடானது, பார்த்தவர்கள் நாம். தொழிற்சாலையைத் திட்ட எனக்கு வாய் இல்லை. என் மகன் அங்கேதான் ஷிப்டு பார்க்கிறான். என் வீட்டு அஸ்திவாரத்திலும் ஆறு லோடு சவுடு இருக்கிறது. எந்த ஏரி என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இங்கிருந்து தெற்கே உத்திரமேரூரில், ஆயிரத்து நூறு வருடம் முன்பு பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்தார்கள்: ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக்குழு, அதற்குக் குடவோலையில் ஆள் தேர்வு, கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப்போய் அதைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். வரும் வழியில் ஒரு ஏரியிலும் நிறுத்துவதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த கோடையில் அந்தப் பள்ளத்தின் விளிம்பை அதே பொக்லைனை விட்டுச் சரித்துவிடுங்கள், ஒரு மாடு ஏறி வருகிற சரிவுக்கு. அதுவரை நாலு மூலையிலும் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். இனி மண் எடுத்தால் லாரி கிளம்பும் முன் ஊரார் முன்னிலையில் ஆழத்தை அளந்து காட்டுங்கள். பலகையை வேண்டுமானால் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கழி நான்கையும் நானே நட்டுவிட்டேன். துணி என் மனைவியின் பழைய புடவை. தங்கை மகன் இந்த ஐப்பசியிலும் வந்தான். கரையிலேயே உட்கார்ந்து போட்டான். தக்கை கோரைக்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்தது.