கருமணலும் வெண்தூளும்

வீட்டுச் சுவரின் வர்ணத்திலும், எழுதும் காகிதத்திலும், பற்பசையிலும், பிளாஸ்டிக் குழாயிலும் நாம் காணும் வெண்மை, பெரும்பாலும் டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் ஒரே உலோக ஆக்ஸைடின் உபகாரம் என்பதைச் சாமானிய ஜனங்கள் அறியார். ரூட்டைல் என்னும் படிக வடிவில் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, வைரத்துக்கே 2.4தான். ஒளியை இத்தனை தீவிரமாகச் சிதறடிப்பதால் மெல்லிய பூச்சிலேயே அடியிலுள்ள நிறத்தை மறைத்துவிடும் சக்தியும், நீரிலோ சாதாரண அமிலங்களிலோ கரையாத ஸ்திரத்தன்மையும் கொண்ட இத்தூள், விஷம் பொருந்திய பழைய ஈய வெள்ளையை வர்ணத் தொழிலிலிருந்து விலக்கியதில் ஆச்சரியமில்லை.

இவ்வஸ்துவுக்கு மூலமான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவராவிலும் கடற்கரைக் கருமணலில் கலந்து கிடக்கிறது. திருவனந்தபுரத்தில் 1946-இல் தோன்றிய தொழிற்சாலை கந்தக அமில முறையாலும், சவராவிலுள்ள கேரள அரசின் ஆலை குளோரின் முறையாலும் வெண்தூள் செய்கின்றன. ஆயினும் தேசத்தின் தேவைக்கு அவை போதாமையால், ஒருபுறம் இல்மனைட்டைக் கப்பலேற்றிக்கொண்டே மறுபுறம் சீனா முதலிய நாடுகளிலிருந்து அதே தூளை இறக்குமதி செய்கிறோம். இது நெல்லை விற்றுவிட்டுச் சோற்றை விலைக்கு வாங்கும் குடித்தனமே ஆகும்.

அசுத்தம் மிகுந்த இத்தொழில் அந்நியரிடமே இருக்கட்டும் என்பாரும் உண்டு. கந்தக அமில முறை, அமிலக் கழிவுநீரையும் இரும்பு ஸல்பேட்டையும் மலைபோல் சேர்த்துவிடுவது மெய்தான். குளோரினைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் மற்றொரு முறையில் கழிவு குறைவெனினும், அந்த வாயுவைக் கையாள்வதில் ஆபத்து உண்டு. ஆனால் மணலை அள்ளியதனால் குலைந்த கரையும், அம்மணலிலேயே கலந்துள்ள தோரியம் செறிந்த மோனசைட்டைப் பத்திரப்படுத்தும் பொறுப்பும், கப்பலோடு போய்விடாமல் இங்கேயே தங்குகின்றனவே! நஷ்டத்தை மட்டும் நாம் வைத்துக்கொண்டு லாபத்தைப் பிறருக்குத் தாரைவார்ப்பது எந்த நியாயம்?

ஆகவே, கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் கரையைச் சீர்செய்யும் செலவையும் தூளின் விலையிலேயே சேர்க்கச் சம்மதித்து, இந்நாட்டிலேயே ஆலை நடத்த முன்வருவோருக்கே இல்மனைட் கிடைக்கும்படி அரசாங்கம் விதி செய்தல் வேண்டும். அவ்வாறு செய்ய மனமில்லையாயின், மணல் கரையிலேயே கிடப்பதுதான் தேசத்துக்கு க்ஷேமம்.