தோத்துப் பழகலாம் வாங்க

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வழக்கமான சாக்குதான். வந்ததும் வராததுமா வீடியோ கேம் பத்தி எழுதுறானே, நாப்பதைத் தாண்டினவனுக்கு இது தேவையான்னு நீங்க நினைக்கலாம். தங்கமணியும் அதையேதான் கேட்டாங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமா திட்டுங்க :-)

எனக்கு வீடு ஹெப்பால் பக்கம், ஆபீஸ் அவுட்டர் ரிங் ரோடு. இந்த ஒரு வரியிலயே பெங்களூர்வாசிகளுக்கு என் மொத்த சோகமும் புரிஞ்சிருக்கும். 500டி பஸ்ல ஒரு கை மேல கம்பியைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கையில போன். கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி"ன்னு தள்ளுவார். மாரத்தஹள்ளி வர்றதுக்குள்ள நாலு பேர் காலை மிதிச்சிருப்பாங்க. இந்த நிலைமையில துப்பாக்கி சுடுற ஆட்டமெல்லாம் ஆட முடியாது. அரை நொடி கண்ணை எடுத்தா ஆளு காலி.

முறை வச்சு ஆடுற ஆட்டம் அப்படியில்லை. நீங்க ஒரு அடி வச்சாத்தான் எதிரி ஒரு அடி வைப்பான். நீங்க சில்க் போர்டு சிக்னலையே வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தா அவனும் அங்கேயே நிப்பான். இந்த ஊர் டிராபிக்குக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. கோவில்பட்டியில எங்க ஆச்சி வீட்டுத் திண்ணையில சாக்பீஸால தாயக்கட்டம் போட்டிருக்கும். கட்டை இல்லைன்னா ஒரு பக்கம் தேய்ச்ச புளியங்கொட்டை. தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும். முக்கால்வாசி சுத்தி வந்த காயை எதிராளி வெட்டிட்டா, மறுபடி தாயத்துக்குக் காத்துக்கிட்டு முதல்லருந்து வரணும். நான் அழுதா ஆச்சி சொல்லும், "கட்டையை ஏன்டா வையுற, அந்தக் காயை அங்க யாரு கொண்டுபோய் வச்சா?" பெரிய தத்துவம்னு அப்பத் தெரியலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரோக்லைக்னு ஒரு வகை ஆட்டம் இருக்கு. 1980 வாக்குல மைக்கேல் டாய், க்ளென் விச்மேன்னு கலிபோர்னியாவுல ரெண்டு மாணவர்கள் யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்காக 'ரோக்'னு ஒண்ணு எழுதினாங்க. அப்புறம் கென் அர்னால்டும் சேர்ந்துக்கிட்டார். படமே கிடையாது. ஈமெயில் முகவரியில வர்ற அட் குறிதான் நீங்க, பெரிய ஆங்கில எழுத்துகள்தான் பேய் பிசாசு. பாதாளத்துக்குள்ள இறங்கி ஒரு தாயத்தை எடுத்துட்டு (இது கழுத்துல கட்டுற தாயத்து) உசுரோட மேல வரணும்.

விசேஷம் ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் பாதாளம் புதுசா உருவாகும். எழுதின ஆளுக்கே அடுத்த அறையில என்ன இருக்குன்னு தெரியாது. அப்படி இருந்தாத்தான் தங்களாலயும் ஆட முடியும்னுதான் அப்படிப் பண்ணாங்க. ரெண்டாவது, செத்தா செத்ததுதான். பாதியில நிறுத்தி சேமிச்சு வைக்கலாம், ஆனா திரும்பத் திறந்ததும் அந்தச் சேமிப்பு அழிஞ்சுடும். பழைய இடத்துக்குப் போய் "ஒரு தடவை மன்னிச்சுடுங்க"ன்னு கேக்க முடியாது. இதோட வாரிசுகள்தான் 1987ல வந்த நெட்ஹேக்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் வர்ற நூத்துக்கணக்கான ஆட்டங்கள். காலேஜ் லினக்ஸ் லேப்ல நெட்ஹேக் ஆடி லேப் அசிஸ்டெண்ட்கிட்ட மாட்டின கதையை இன்னொரு நாள் சொல்றேன்.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, என் சித்தி பையனுக்காக.

2019ல வேலை கிடைச்சு பெங்களூர் வந்தான். நல்ல பையன், தண்ணி, தம் கிடையாது. கொரோனா வந்து ஒரே ரூம்ல அடைஞ்சு கிடந்தப்ப போன்ல ரம்மி ஆட ஆரம்பிச்சான். முதல்ல ஐம்பது ரூபா, நூறு ரூபா. கொஞ்சம் ஜெயிச்சான். அப்புறம் விட்டதைப் பிடிக்க ஆடினான். அப்புறம் கடன் ஆப். ஒருநாள் மீட்டிங்ல இருக்கும்போது யாரோ எனக்கு போன் போட்டு, "உங்க தம்பி வாங்கின காசை நீங்க கட்டுறீங்களா?"ன்னு கேட்டப்பதான் குடும்பத்துக்கே விஷயம் தெரிஞ்சது. மொத்தம் மூணு லட்சத்து நாப்பதாயிரம். சித்தியோட தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போச்சு.

அவனை உக்கார வச்சுப் பேசினப்ப அவன் சொன்னதை நான் மறக்கலை. "அண்ணே, நான் நல்லாத்தான்ணே ஆடுவேன். சீட்டுதான் வரலை."

ரம்மி திறமை ஆட்டம்தான்னு 1967லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கம்பெனிகளும் அதையேதான் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கர்நாடகம் 2021ல கொண்டு வந்த சட்டத்தோட முக்கியப் பிரிவுகளை 2022 பிப்ரவரியில ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. தமிழ்நாட்டுச் சட்டம் கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி 2023ல அமலுக்கு வந்தது. கடைசியில 2025 ஆகஸ்ட்ல பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி நாடாளுமன்றமே சட்டம் போட்டுச்சு. அந்தக் கம்பெனிகள் பலதும் இதே பெங்களூர்லதான் இருந்தது. தடை வந்ததும் நிறைய பேருக்கு வேலை போச்சு. அவங்களும் நம்மளை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான், அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை.

எனக்குக் கேள்வியே வேற. திறமையா அதிர்ஷ்டமான்னு கோர்ட்ல வாதாடிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டுமே எல்லா நல்ல ஆட்டத்துலயும் கலந்துதான் இருக்கு, ஆச்சியோட தாயத்துலயும் சேர்த்து. நான் கேக்குறது, தோத்தவன் கையில என்ன மிஞ்சுது? காசு ஆட்டத்துல ஒவ்வொரு சுத்துலயும் கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கும். யார் ஜெயிச்சாலும் அதுக்கு லாபம். அதுக்கு வேண்டியதெல்லாம் நீங்க திரும்ப வரணும், அவ்வளவுதான். தோத்ததுக்கான காரணத்தை யோசிக்கக்கூட விடாம அடுத்த மேஜை திறந்திருக்கும். ரோக்லைக்ல தோத்தா உங்க கையில ஒரு பாடம் மட்டும் மிஞ்சும். உங்க ஆளு, கத்தி, கவசம் எல்லாம் போயிடும். நீங்க கத்துக்கிட்டது போகாது.

2022 பொங்கலுக்கு ரெண்டு பேரும் மைசூர் - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போனோம். ஓசூர் தாண்டினா தர்மபுரி வரைக்கும் என் போன்ல சிக்னல் வந்துவந்து போகும். கை நடுங்காத குறையா அவன் போனைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்தான். என் போன்ல 'ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்' போட்டுக் கொடுத்தேன். எட்டு நிமிஷத்துல செத்தான். "ஏமாத்து ஆட்டம்ணே இது"ன்னான். மறுபடி ஆடினான். மூணாவது தளத்துல நண்டு அடிச்சுக் கொன்னுச்சு. நம்மளை விட ரெண்டு மடங்கு வேகமா ஓடுற நண்டு, ஓடித் தப்பிக்கவே முடியாது. நாலாவது தடவை அவனே கண்டுபிடிச்சான். கதவுக்குப் பக்கத்துல மறைஞ்சு நின்னா, உள்ள நுழையுற நண்டு மேல முதல் அடி தப்பாம விழும். சேலம் தாண்டியும் தூங்கலை. ஒரு பேயை விரட்ட இன்னொரு பேயைக் கூட்டிட்டு வந்துட்டோமோன்னு எனக்கே பயம் வந்துடுச்சு.

அந்தப் பயம் நியாயமானதுதான், அதுக்குக் கீழ வர்றேன். முதல்ல, ஆடிப் பார்க்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு என் சிபாரிசு:

1. ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்: 2012ல வந்த பிக்சல் டஞ்சனை எடுத்து, எவன் டெபன்ஹாம்ங்கிறவர் 2014லேர்ந்து வளர்த்துட்டு வர்றார். ஆண்ட்ராய்டுல இலவசம், விளம்பரம் இல்லை, நெட்டும் வேண்டாம். மொத்தம் 26 தளம். சிவப்பு மருந்து இந்த ஆட்டத்துல காயத்தை ஆத்தும், அடுத்த ஆட்டத்துல அதே சிவப்பு உங்களையே கொளுத்தும். எதை எப்போ குடிச்சுப் பார்க்கணும்ங்கிறதுலதான் சூட்சுமம். நிறைய அடி வாங்கியிருக்கும்போது தெரியாத மருந்தைக் குடிக்காதீங்க, நூறு தடவை செத்தவன் சொல்றேன்.

2. இன்டு தி ப்ரீச்: 2018. எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்ககிட்ட மூணு இயந்திர வீரர்கள், எதிர்ல ராட்சசப் பூச்சிகள். பூச்சி எங்க அடிக்கப் போகுதுன்னு முன்னாடியே காட்டிடும். நீங்க அதைக் கொல்லணும்னு அவசியமில்லை, ஒரு கட்டம் தள்ளிவிட்டா பக்கத்துப் பூச்சியையே அது அடிச்சுடும். ஆடுபுலி ஆட்டத்துல ஆட்டால புலியை வெட்ட முடியாது, நகர விடாம அடைக்கத்தான் முடியும் இல்லையா, அதே மூளைதான் இங்கயும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

3. ஸ்லே தி ஸ்பயர்: 2019ல முழுசா வந்தது. சீட்டு சேர்த்துக்கிட்டே கோபுரம் ஏறணும். நல்ல சீட்டா இருக்கேன்னு எல்லாத்தையும் அள்ளினா தோப்பீங்க. வேண்டாம்னு சொல்லக் கத்துக்கிறதுதான் ஆட்டமே.

4. டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப்: 2006லேர்ந்து தன்னார்வலர்கள் வளர்க்கிற இலவச ஆட்டம். ப்ரவுசர்லயே ஆடலாம். 15 மந்திரக் கல்லுல மூணாவது எடுத்தாத்தான் கடைசி இடத்துக்கு வழி. கஷ்டம்தான், ஆனா நேர்மையான கஷ்டம்.

5. பலாட்ரோ: 2024ல கனடாக்காரர் ஒருத்தர் தனியா உருவாக்கினது. லோக்கல்தங்க்ங்கிற புனைபெயர்லதான் இருக்கார். போக்கர் சீட்டு, ஆனா காசு இல்லை. 150 ஜோக்கர்கள் விதிகளையே மாத்திடும். சீட்டாட்டம் மாதிரி தெரியுதுன்னு ஐரோப்பியத் தரக்குழு 18 வயசுக்கு மேலன்னு முத்திரை குத்தி, 2025 பிப்ரவரியில 12ன்னு மாத்துச்சு. தம்பிக்கு இதை மட்டும் நான் காட்டலை. சீட்டைப் பார்த்தாலே பழைய நமைச்சல் வரலாம். அதே பிரச்சனை உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா நீங்களும் காட்டாதீங்க.

நம்ம நாட்டுச் சரக்கு இல்லையான்னா, இருக்கு. ஹைதராபாத் ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017ல 'அசுரா'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. முறை வச்சு ஆடுறது இல்லை, வெட்டுகுத்துதான், ஆனா ஒவ்வொரு தடவையும் மாறுற ரோக்லைக் அமைப்பு, நம்ம புராணச் சாயல். பெங்களூர்ல துருவா இன்டராக்டிவ் 1997லேர்ந்து வெளிநாட்டு ஆட்டங்களுக்கு வேலை செஞ்சுட்டு இருந்தது, 2019ல ராக்ஸ்டார் வாங்கிடுச்சு. கைவேலை நம்மது, கதை அவங்களது. தாயமும் பரமபதமும் ஆடி வளர்ந்த நாம ஒரு நல்ல ரோக்லைக் பண்ண முடியாதா? யாராவது செஞ்சா முதல் ஆளா காசு கொடுத்து வாங்குறேன்.

இப்ப அந்தப் பயம். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்"ங்கிற வியாதி இதுலயும் உண்டு. காசு போகாது, தூக்கம் போகும். பலாட்ரோவால ரெண்டு நாள் கண்ணு சிவந்து ஆபீஸ் போயிருக்கேன். அதனால எனக்குன்னு ரெண்டு விதி. பஸ்ல மட்டும்தான், வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது ஆட்டத்தையும் கழட்டிடணும். செத்த உடனே அடுத்ததை ஆரம்பிக்கக் கூடாது, எதனால செத்தேன்னு ஒரு வரியாவது மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கணும். முதல் விதியை முக்கால்வாசி நாள்தான் காப்பாத்துறேன், தங்கமணி இதைப் படிப்பாங்க.

தம்பியை இந்த ஆட்டம்தான் காப்பாத்துச்சுன்னு சினிமா டயலாக் விட மாட்டேன். சம்பளத்தை அப்படியே சித்தி கையில கொடுத்தான், ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தான், ரெண்டரை வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு கடனைக் கட்டினான். 2024 தீபாவளிக்குச் செயின் திரும்ப வந்தது. அதெல்லாம் அவனோட உழைப்பு.

ஆனா போன மாசம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவன்கிட்டருந்து போன். இந்த நேரத்துல அவன் பேரைத் திரையில பார்த்தா எனக்கு இன்னமும் வயித்தைக் கலக்கும். எடுத்தேன். "அண்ணே, இருபத்தி நாலாவது தளம் வரைக்கும் போயி செத்துட்டேன்ணே"ன்னான். நான் மூச்சு விட்டுட்டு, "ஏன்டா, மருந்து கிடைக்கலையா?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணே. மருந்தெல்லாம் பையிலேயே இருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

சரிடா, போய்த் தூங்குன்னு வச்சுட்டேன். எனக்குத்தான் கொஞ்ச நேரம் தூக்கம் வரலை. ஆச்சி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்.