கிளையில் தொங்கும் நோய்

செர்ரி விளைச்சலில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று துருக்கி. அங்கே மரங்கள் பூக்கும் இளவேனிலில் மழை நீடித்தால், மோனிலினியா என்னும் பூஞ்சை பூக்களைக் கருகச் செய்கிறது. பின்னர்ப் பழங்களையும் அழுகச் செய்கிறது. ஓராண்டின் உழைப்பு சில நாள்களில் வீணாகிவிடும்.

அழுகிய பழங்கள் யாவும் உதிர்ந்துவிடுவதில்லை. சில சுருங்கி உலர்ந்து கிளையிலேயே தங்கிவிடும். அவற்றுள் பூஞ்சை குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த இளவேனிலில் புதுப் பூக்களின்மீது தன் நுண்வித்துகளைத் தூவும்.

ஆகவே, அறுவடை முடிந்ததும் உலர்ந்த பழங்களையும் கருகிய சுள்ளிகளையும் அகற்றி அழித்துவிட வேண்டும். மழையற்ற நாளில் நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் தெளிக்கும் மருந்து அப்போதுதான் முழுப் பயன் தரும். அழுகிவிட்ட பழத்தை மீட்க மருந்தில்லை. வரும் ஆண்டின் பூவைக் காக்க வழியுண்டு.