விடுதலைக்குப் பிறகு கதவைத் தட்டுவது யார்?

தண்டனை முடிந்து ஊர் திரும்பும் ஒருவரை அரசின் சார்பில் தேடி வருபவர் தமிழ்நாட்டில் பெரும்பாலும் காவலர்தான். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டால் சரித்திரப் பதிவேடு புரட்டப்படுகிறது. அதில் பெயர் உள்ளவர் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுகிறார். அதே மனிதர் வாடகைக்கு அறை கிடைக்காமல் அலையும்போதும், ரேஷன் அட்டையில் பெயர் நீங்கிப்போய் நிற்கும்போதும், பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து கூப்பிடும்போதும் அவரைப் போய்ப் பார்க்க வேண்டிய கடமை நடைமுறையில் யாருக்கும் இல்லை. சிறைக்குள் தையல், நெசவு, பேக்கரி என்று தொழில் கற்றுத் தருகிறோம். சிறைச் சந்தைகளும் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளும் பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால் கற்ற தொழிலைச் செய்வதற்கு ஒரு ஊர் வேண்டும். அந்த ஊர் தன்னை ஏற்றுக்கொண்டது என்று விடுதலையானவருக்குத் தெரிவிக்க ஒரு மனிதர் வேண்டும். சம்பளத்துக்காக வராத, அதே ஊரில் வசிக்கிற ஒருவரால்தான் அது முடியும் என்பதும், அவருக்குப் பின்னால் அரசு உறுதியாக நிற்க வேண்டும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

வெளியே வந்த முதல் சில வாரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து, அதே மாநிலத்தின் மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்று அது கண்டது. போதைப்பொருளின் அளவு மீறியதே முதன்மைக் காரணம். வேலைதான் தீர்வு என்பார்கள்; அந்தக் கதவும் எளிதில் திறப்பதில்லை. சமூகவியலாளர் டேவா பேஜர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒரே தகுதியுள்ள இளைஞர்கள் வேலை கேட்டுப் போனார்கள். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையரில் 34 சதவீதத்தினருக்கு நிறுவனங்களிடமிருந்து மறு அழைப்பு வந்தது. பின்னணி உண்டு என்று சொன்னவர்களுக்கு அது 17 சதவீதம். கறுப்பினத்தவருக்கோ 14 சதவீதம் 5 ஆகச் சரிந்தது. ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவர்மீது சிறைத் தழும்பு இன்னும் ஆழமாகப் பதிகிறது. சாதி என்ற அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் நம் சமூகத்தில் இதே சோதனையை நடத்தினால் முடிவு ஆறுதலாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஜப்பானில் விடுதலையானவரைத் தேடிப் போவது ஒரு சட்டத்தின்படி, ஊர் மக்களின் கையில் நடக்கிறது. அதன் வேர் 1888இல் இருக்கிறது. சிறையில் திருந்தி வெளியே வந்த ஒருவர், மனைவி மறுமணம் செய்துகொண்டதையும் உறவினர் எவரும் ஒரு இரவு தங்கக்கூட இடம் தராததையும் கண்டார். இனித் திருடுவதில்லை என்று கொடுத்த வாக்கை மீற மனமில்லாமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தச் சாவுதான் ஷிசுவோகாவில் கின்பாரா மெய்சென் என்ற தொழிலதிபரை, விடுதலையானவர்களுக்கான பாதுகாப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்க வைத்தது என்கிறார்கள். 1950இல் வந்த சட்டம் அந்த மரபை அரசின் ஏற்பாடாக மாற்றியது. ஹோகோஷி எனப்படும் தன்னார்வலர்கள் இன்று அங்கே ஏறத்தாழ 47,000 பேர். கடைக்காரர்கள், விவசாயிகள், புத்த மடத்துத் துறவிகள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. சட்டப்படி அவர்கள் பகுதிநேர அரசு ஊழியர்கள். ஆனால் சம்பளம் கிடையாது, செலவுத்தொகை மட்டும்தான். களத்தில் இருக்கும் தொழில்முறை நன்னடத்தை அலுவலர்களோ சுமார் ஆயிரம் பேர். அலுவலர் திட்டம் வகுக்கிறார். ஹோகோஷி மாதத்துக்கு இரண்டு முறை போலச் சந்தித்து, பேசி, மாதந்தோறும் அலுவலருக்கு எழுதி அனுப்புகிறார்.

அவர்களுடைய வேலை விடுதலை நாளில் தொடங்குவதில்லை என்பதுதான் நாம் முதலில் கவனிக்க வேண்டியது. ஒருவர் சிறையில் இருக்கும்போதே ஹோகோஷி அவருடைய குடும்பத்தைப் போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வார்களா, யார் பொறுப்பேற்பார்கள், எங்கே தங்குவார், என்ன வேலை கிடைக்கும் என்று விசாரிக்கிறார். கோபத்தில் இருக்கும் தாயையோ அண்ணனையோ ஒருமுறைக்குப் பலமுறை சந்திக்கிறார். சிறையின் வாசல் திறக்கும் முன்பே ஊரின் வாசலைத் திறந்து வைக்கும் வேலை அது. எத்தனை தொழிற்பயிற்சி கொடுத்தாலும் சிறை நிர்வாகத்தால் இதைச் செய்ய முடியாது. சிறைக்கண்காணிப்பாளர் அந்தத் தெருவில் வசிக்கவில்லை. வேலை விஷயத்திலும் இதுவே உண்மை. குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கு வேலை தரத் தயார் என்று ஜப்பானில் சுமார் 25,000 நிறுவனங்கள் பதிவு செய்திருக்கின்றன. உண்மையில் ஒருவரையாவது வேலைக்கு வைத்திருப்பவை இருபதில் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டில் இருக்கும் நல்லெண்ணம் வேலையாக மாறுவதற்கு, இந்தப் பையனை எனக்குத் தெரியும் என்று முதலாளியிடம் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

பலன் உண்டா? ஜப்பானில் முழுத் தண்டனையையும் முடித்து வெளியே வருபவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் சிறைக்கு வரும் விகிதம், முன்கூட்டியே பரோலில் வந்து ஹோகோஷியின் பார்வையில் இருப்பவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இதை அப்படியே தன்னார்வலரின் கணக்கில் எழுதிவிட முடியாது. போய்ச் சேர இடம் இருப்பவருக்குத்தான் பரோல் கிடைக்கிறது; யாருமற்றவர் கடைசி நாள்வரை உள்ளேயே இருக்கிறார். தேவை அதிகமுள்ளவர் துணையில்லாமல் வெளியேறுகிறார் என்பது அந்த அமைப்பின் பெரிய ஓட்டை. ஆகவே, தன்னார்வலரின் பங்கை மட்டும் பிரித்துக் காட்டும் சான்று வேண்டும். அது இன்னொரு நாட்டிலிருந்து கிடைக்கிறது. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994இல், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனையை முழுமையாக முடித்த ஒருவர் விடுதலையானார். ஊர் கொதித்தது. மென்னோனைட் போதகர் ஒருவர் தன் சபையினர் சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார். நான்கைந்து பேர் தினமும் மாறிமாறி அவருடன் தொடர்பில் இருந்தார்கள். உதவினார்கள், கேள்வியும் கேட்டார்கள். இந்த முறையை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் எடுத்துக்கொண்டு முறையான சோதனைக்கு உட்படுத்தியது. 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் தன்னார்வலர் வட்டம் தந்தார்கள். மீண்டும் பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு அவர்களிடம் 88 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018இல் வெளியான முடிவு சொல்கிறது. 100 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் சமூகம் மிகவும் அஞ்சும் குற்றத்திலேயே இப்படி ஒரு விளைவு தெரிகிறது என்பதைத் தள்ளிவிட முடியாது.

பாதிக்கப்பட்டவர் கண்ணீரோடு இருக்க, குற்றம் செய்தவருக்குத் துணையா என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவரை இரக்கமற்றவர் என்று ஒதுக்குவது தவறு. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடும் ஆற்றுப்படுத்தலும் நம்மிடம் மிகக் குறைவு. அது தனியே, உரக்கக் கேட்க வேண்டிய உரிமை. ஆனால் விடுதலையானவரைக் கைவிடுவதால் அந்தப் பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அடுத்து ஒருவர் பாதிக்கப்படும் வாய்ப்புதான் கூடுகிறது. மின்னசோட்டாவில் நடக்காமல் போன குற்றங்களுக்குப் பின்னால் பாதிக்கப்படாமல் தப்பிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி தன்னார்வலரின் பாதுகாப்பு பற்றியது. 2024 மே மாதம் ஜப்பானின் ஒட்சு நகரில் ஒரு ஹோகோஷி தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவருடைய பொறுப்பில் இருந்தவரே கைதானார். மிக அரிதான நிகழ்வுதான்; ஆனாலும் ஒரு நல்ல மனிதரின் சாவைப் புள்ளிவிவரத்தால் சமாதானப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வரவழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவதுதான் அங்கே மரபு. அந்த நெருக்கமே பலம், அதுவே பலவீனம். வீட்டுக்குப் பதிலாகப் பொது இடத்தில் சந்திப்பது, ஒருவருக்கு இருவராகப் பொறுப்பேற்பது, மன நெருக்கடி தெரிந்தால் உடனே அலுவலர் தலையிடுவது ஆகியவை அவசியம். தன்னார்வலரைத் தனியே விடக் கூடாது என்பதுதான் ஒட்சு தரும் பாடம். கனடாவின் முறையில் ஒருவரைச் சுற்றிப் பலர் இருப்பது இந்த வகையில் மேலானது.

தன்னார்வலர்களைக் காட்டி அரசு தன் செலவைக் குறைத்துக்கொள்ளும் என்ற அச்சமும் கற்பனையல்ல. இங்கிலாந்து அரசு 2014-15இல் குறைந்த, நடுத்தர ஆபத்துள்ளவர்கள் என்று கருதப்பட்டோரின் கண்காணிப்பைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்தது. பல இடங்களில் நேர்ச் சந்திப்பு தொலைபேசி விசாரிப்பாகச் சுருங்கியது. கடும் விமர்சனத்துக்குப் பின் 2021இல் அந்த ஏற்பாடு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. தன்னார்வலர் அலுவலருக்கு மாற்று ஆள் ஆகிவிட்டால் திட்டம் அன்றே செத்துவிடும். நன்னடத்தை அலுவலர் பணியிடங்களை நிரப்பாமல் தொண்டர்களை மட்டும் திரட்டும் எந்தத் திட்டத்தையும் நான் எதிர்ப்பேன்.

தமிழ்நாட்டில் வெற்று நிலத்தில் தொடங்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பு அரசின் கடமை என்ற கருத்தைச் சிறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த நீதிபதி முல்லா குழு 1983லேயே முன்வைத்தது. 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேட்டிலும் அதற்குத் தனி அத்தியாயம் உண்டு. 2009 முதல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் மாவட்டந்தோறும் செயல்படுகிறார்கள். சிறைக்குள்ளும் போய் வருகிறார்கள். குறைவது தொடர்ச்சி. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகள் ஒரே நேரத்தில் விடுவிக்கப்பட்டபோது, யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று மாநிலமே விவாதித்தது. வந்தவர்களை யார் வரவேற்பது என்ற பேச்சு எழவில்லை.

ஆனால் ஜப்பானை அப்படியே நகலெடுத்தால் இரண்டு இடங்களில் இடறுவோம். இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்தவர்களில் 75.8 சதவீதத்தினர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்களை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டம் போட்டால், ஜாமீனில் திடீரென்று ஒரு மாலையில் வெளியே நிற்பவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள். வேலையும் வாடகை வீடும் இழந்து நிற்பதில் அவர்களுக்கும் தண்டனை பெற்றவருக்கும் வேறுபாடு அதிகமில்லை. இரண்டாவது, சாதி. ஹோகோஷிகளை ஏற்கெனவே இருக்கும் ஹோகோஷிகளே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அவர்களின் சராசரி வயது 65ஐத் தொட்டிருக்கிறது. இங்கே அந்த முறை வந்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள்தான் பட்டியலில் இருப்பார்கள். சேரியிலிருந்து சிறைக்குப் போய் வந்தவருக்கு அது துணையாக இராது, இன்னொரு கட்டுப்பாடாகிவிடும். ஆகவே தேர்வு ஊர்க்கையில் இல்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இருக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர், தொழிற்சங்கத்தினர், கல்லூரிச் சமூகப்பணித் துறை மாணவர்கள், முன்பு சிறையில் இருந்து இன்று நிலைபெற்றுவிட்டவர்கள் ஆகியோருக்கு அதில் இடம் வேண்டும். விடுதலையான பெண்களுக்குப் பெண்களே துணையாக இருக்க வேண்டும். ஆண் திரும்பி வந்தால் முணுமுணுத்தபடியாவது சேர்த்துக்கொள்ளும் வீடு, பெண் திரும்பி வந்தால் பல நேரம் கதவைச் சாத்திக்கொள்கிறது.

மதுரை அல்லது பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இதைத் தொடங்கலாம். விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே இரண்டு தன்னார்வலர்கள் சிறைக்குள் அறிமுகமாகட்டும். அவர்களின் பேருந்துச் செலவை அரசு தரட்டும். அவர்களிடம் சொல்லப்படும் குடும்ப விஷயங்கள் காவல் நிலையத்துக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களும் சரித்திரப் பதிவேட்டின் நீட்சியாகவே பார்க்கப்படுவார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை சான்றிதழ் வழங்கினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதைவிட, விடுதலையாகி ஓராண்டு கழித்து எத்தனை பேர் ஒரே முகவரியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் தங்கள் தன்னார்வலரைச் சந்திக்கிறார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கட்டும்.