இரண்டு ஏஸ் வந்தால் 'பாட்' பட்டனை அழுத்தலாமா?

போக்கர் என்றதும் நம்மில் பலருக்கும் தெரிந்தது டெக்சாஸ் ஹோல்டெம்தான். கையில் இரண்டு சீட்டு, மேஜையில் ஐந்து. கம்ப்யூட்டரில் அதை ஆடிப் பழகியவர்கள் அடுத்துத் திறப்பது ஒமாஹா. இதில் கைக்கு நான்கு சீட்டு. அந்த நான்கில் கட்டாயம் இரண்டு, மேஜையில் உள்ள ஐந்தில் கட்டாயம் மூன்று சேர்த்துத்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஹோல்டெம் பழக்கத்தோடு வருபவர்கள் இரண்டு ஏஸைப் பார்த்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு 'பாட்' பட்டனைத் தட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "கால்குலேட்டர் சாப்ட்வேரில் போட்டுப் பார்த்தேன், ஜெயிக்கும் சதவீதம் எனக்குத்தான் அதிகம்" என்பார்கள். சாப்ட்வேர் காட்டும் எண் சரிதான். அதை இவர்கள் படிக்கும் விதம்தான் சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் ஏஸ் ஜோடியின் மவுசைப் பார்ப்போம். ஹோல்டெமில் கைக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுகள் 1,326 விதம். ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒமாஹாவில் நான்கு சீட்டுகள் 2,70,725 விதம். அவற்றில் குறைந்தது இரண்டு ஏஸ் உள்ளவை 6,961. அதாவது சுமார் 39 ஆட்டத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு மட்டுமல்ல, எதிரே இருப்பவருக்கும் இதே கணக்குதான்.

ஹோல்டெமில் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் மோதினால் ஐந்துக்கு நான்கு முறை ஏஸ் ஜெயிக்கும். ஒமாஹாவில் ஏஸ், ஏஸ், 7, 2 என நான்கும் நான்கு இனமாக உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். எதிரே ஜாக், 10, 9, 8. அதில் இரண்டு ஸ்பேடு, இரண்டு கிளாவர். இந்த மோதல் கிட்டத்தட்ட சரிபாதி! துணைக்கு வந்த 7-ம் 2-ம் எதற்கும் உதவாததால் வந்த வினை இது. அதே இரண்டு ஏஸோடு ஜாக், 10 வந்து, இனமும் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தால் அது வேறு ஜாதிக் குதிரை. அதற்குத் தாராளமாகப் பணம் கட்டலாம். மூன்றாவதாக ஒரு ஏஸ் வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எதிர்பார்க்கும் சீட்டில் ஒன்று உங்கள் கையிலேயே முடங்கிவிட்டது.

கால்குலேட்டர் என்ன செய்கிறது? இருவர் சீட்டும் தெரிந்தால் மீதி 44 சீட்டு. அதில் ஐந்து மேஜைக்கு வரும் விதங்கள் 10,86,008. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடமும் 60 கூட்டணிகளைச் சரிபார்க்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் இந்தக் கணக்கு, இனி யாரும் ஒரு ரூபாய்கூட கட்டமாட்டார்கள், ஐந்து சீட்டும் வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்கிறது. இருப்பு முழுவதும் முதலிலேயே உள்ளே போனால்தான் அது உண்மை.

ஒமாஹா பெரும்பாலும் பாட் லிமிட் முறையில் ஆடப்படுகிறது. பிளைண்ட் 1, 2 என்றால் முதல் ஆள் அதிகபட்சம் 7 வரை ஏற்றலாம். அடுத்தவர் 24. மற்றவர்கள் விலகி, முதல் ஆள் மறுபடி ஏற்றினால் 75. இருவரிடமும் தலா 200 இருந்தது என்றால் 75-க்குப் பிறகு மிச்சம் 125. நடுவில் இருப்பதோ 153. பிளாப் எப்படி வந்தாலும் மிச்சத்தையும் தள்ளிவிடலாம். கால்குலேட்டரின் எண் இங்கே பொருந்தும். வெறும் ஏஸ் ஜோடிக்கும் இப்படி ஏற்றலாம் என்பேன்.

இருவரிடமும் 1,000 இருந்தால் கதை வேறு. 75 போன பிறகும் 925 பாக்கி. இந்த இடத்தில் மூன்றாம் முறை ஏற்றுபவரிடம் ஏஸ் ஜோடி இருக்கிறது என்று எதிராளி ஊகித்துவிடுவார். உங்கள் சீட்டு அவருக்குத் தெரியும், அவருடையது உங்களுக்குத் தெரியாது. பிளாப்பில் இன்னொரு ஏஸ் விழுவது எட்டுக்கு ஒருமுறைதான். மற்ற ஏழு முறை அவர் பிடித்தால் கட்டுவார், பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் விலகுவார். துணைச் சீட்டு சரியில்லாத ஏஸுக்கு இங்கே 24-ஐ கட்டிவிட்டுப் பேசாமல் பிளாப் பார்ப்பதே மேல். இருப்பில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகுமா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் புரோகிராம் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்ததைச் சிலர் சுட்டிக்காட்டலாம். அது ஆடியது ஹோல்டெம். அந்தப் பாடத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது.

ஒரு விஷயம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. எனவே மேலே சொன்ன 7, 24, 75 எல்லாம் காசில்லாத பாயிண்ட்டுகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் கால்குலேட்டரில் ஏஸ், ஏஸ், 7, 2 கையை ஜாக், 10, 9, 8-க்கு எதிரே போடுங்கள். பிறகு பிளாப் கட்டங்களில் 9, 8, 3 என்று கொடுத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். உங்கள் ஏஸ் ஜோடியின் சதவீதம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் இன்னும் 925 பாக்கி இருக்கிறது.