இலவச மாத்திரைக்கு விலை கொடுப்பது யார்?

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி விட்டு வரும் நம் பிள்ளைகள், "இன்னைக்கு ஸ்கூல்ல பூச்சி மாத்திரை கொடுத்தாங்க" என்று சொல்வதைக் கேட்காத வீடு இருக்காது. அன்று மாலையே வாட்ஸ்அப் குழுக்களில் கேள்விகள் வரிசை கட்டும். இதை ஏன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள்? காசு வாங்காமல் கொடுக்கிறார்களே, உள்ளே ஏதாவது இருக்குமோ?

முதலில் அந்தச் சந்தேகத்தை முடித்துவிடுவோம். கொடுக்கப்படுவது அல்பெண்டசோல் என்ற 400 மில்லிகிராம் மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி, அதற்கு மேல் 19 வயது வரை முழு மாத்திரை. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து இது. மென்று விழுங்கும் மாத்திரை என்பதால் கேப்ஸ்யூல் உறையில் வரும் ஜெலட்டின் பிரச்சினையும் இதில் இல்லை. வயிற்றில் புழு அதிகம் உள்ள பிள்ளைக்குச் சிறிது நேரம் குமட்டலோ வயிற்றுவலியோ வரலாம். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்கமாட்டார்கள். இதில் பயப்பட எதுவும் இல்லை.

நாம் பேச வேண்டியது இதன் செலவைப் பற்றி. இலவசம் என்று ஒரு பொருள் வந்தால், அதன் விலையை வேறு யாரோ எங்கோ கொடுக்கிறார் என்றுதான் பொருள்.

உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண் வழியே பரவும் குடற்புழு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் மட்டும் 1 முதல் 14 வயது வரையிலான 22 கோடிப் பிள்ளைகள் தொற்று அபாயத்தில் இருக்கிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. இத்தனை பேருக்கும் மலப் பரிசோதனை செய்து, புழு உள்ளவருக்கு மட்டும் மருந்து கொடுப்பதென்றால், மருந்தின் விலையைவிடப் பரிசோதனைச் செலவு பல மடங்கு ஆகிவிடும். அதனால்தான் சோதிக்காமலேயே எல்லாருக்கும் கொடுக்கும் முறை வந்தது. 2015 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் இன்று நாடு முழுவதும் நடக்கிறது.

இந்தக் கணக்கில் மிக மலிவானது மாத்திரைதான். பெரிய மருந்து நிறுவனங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கோடிக்கணக்கான மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு நன்கொடையாகவே தருகின்றன. எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவாகவே ஆகிறது என்று இத்திட்டத்தை ஆதரிப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மாத்திரையைக் கிடங்கிலிருந்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், பெயர் பார்த்துக் கொடுத்து, விழுங்கியதை உறுதி செய்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் திரட்டும் ஆஷா பணியாளருக்குத் திட்ட விதிகளில் ஒரு சுற்றுக்கு 100 ரூபாய் ஊக்கத்தொகை வைத்திருக்கிறார்கள். அங்கன்வாடி சகோதரி ஏற்கெனவே சொற்ப மதிப்பூதியத்தில் வேலை செய்பவர். ஆசிரியருக்கு அன்று போகும் பாடவேளைக்கு யாரும் விலை போடுவதில்லை. அரை டாலர் என்ற அந்தக் கணக்கு இவ்வளவு மலிவாகத் தெரிவதற்கு, குறைந்த கூலிக்கும் கூலியே இல்லாமலும் உழைக்கும் இவர்களும் ஒரு காரணம்.

அப்படியானால் பெற்றோரிடமே கொஞ்சம் காசு வாங்கினால் என்ன? கென்யாவின் புசியா பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். பொருளியலாளர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவலும் எழுதிய ஆய்வு அது. இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் 75 சதவீதப் பிள்ளைகள் மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 30 சென்ட் கட்டணம் வைத்த பள்ளிகளில் அது 18 சதவீதமாக விழுந்தது. பெற்றோர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. புழு கண்ணுக்குத் தெரியாத நோய். அதோடு, என் பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தொற்று குறையும். பலன் ஊருக்கு, செலவு எனக்கு என்றால் தனி மனிதர் தயங்கத்தான் செய்வார். நமது ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஊரில் சிலர் செய்தால் எல்லார் மீதுள்ள பொறுப்பும் நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளி என்ற ஃபர்ளு கிஃபாயா இப்படிப்பட்ட காரியங்களுக்கு உரியது. ஆகவே இந்த மாத்திரைக்குக் கட்டணம் வைக்காமல் அரசு தன் செலவில் கொடுப்பது சரியான முடிவு என்பதே நம் கருத்து.

செலவழித்ததற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதே புசியாவில் 75 பள்ளிகளில் 1998-ல் தொடங்கிய முந்தைய ஆய்வில், மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வராத பிள்ளைகளின் எண்ணிக்கை கால் பங்கு குறைந்ததாகக் கண்டார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, அவர்களின் மணிநேர வருமானம் மற்றவர்களைவிட 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. இன்னொரு பக்கம், நம் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஐந்து ஆண்டுகள் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த மிகப்பெரிய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. மரணத்திலும் சொல்லத்தக்க குறைவில்லை, உடல் எடையிலும் பெரிய மாற்றமில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். நமக்குத் தோன்றுவது, புழு கனமாக உள்ள ஊரில் பலன் கனமாகவும், லேசாக உள்ள ஊரில் லேசாகவும் இருக்கும் என்பதுதான். மாத்திரை மலிவாக இருப்பதால் மட்டும் அதன் பலனும் மலிவாகக் கிடைத்துவிடாது.

நம் ஊர் நிலவரம் என்ன? ராணிப்பேட்டை மாவட்டத்தின் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் 2017-18-ல் ஆறாயிரம் பேரைச் சோதித்தார்கள். மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டதில் 21 சதவீதம் பேருக்குக் கொக்கிப்புழு. பெரும்பாலும் லேசான தொற்றுதான். ஆனால் வயது கூடக் கூடத் தொற்றும் கூடுகிறது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அதாவது, பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிய பிறகு, வயலிலிருந்து வரும் வாப்பாவும் பெரியத்தாவும் அதே புழுவைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பள்ளி வழியாகக் கொடுப்பது மலிவு என்பதால்தான் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மலிவு, கொக்கிப்புழுவின் பெரும்பகுதியைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

மாத்திரை போட்ட பிள்ளைக்கும் புழு திரும்பி வருகிறது. உருண்டைப்புழு ஓராண்டுக்குள் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே வந்துவிடுகிறது, கொக்கிப்புழு பாதிக்கு மேல். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. மண்ணில் மலம், மலத்தில் முட்டை, வெறுங்கால், கழுவாத கை. நூறாண்டுக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. மருந்து குடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். கழிப்பறை கட்டாத தோட்டங்களில் புழு திரும்ப வந்தது. அன்று கழிப்பறைச் செலவைத் தோட்ட முதலாளிகள் தட்டிக்கழித்தார்கள். இன்று நாட்டில் கோடிக்கணக்கில் கழிப்பறை கட்டியாகிவிட்டது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறரோடு பகிராத, மேம்பட்ட கழிப்பறை உள்ள வீடுகள் 70 சதவீதம்தான்.

நிழலிலும் நடைபாதையிலும் நீர்த்துறையிலும் மலஜலம் கழிப்பதைத் தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஒளூவுக்கு ஹவ்ளு கட்டுவதில் நம் ஜமாஅத்துகள் குறை வைப்பதில்லை. கிரானைட், டைல்ஸ், ஏசி எல்லாம் வந்துவிட்டன. பின்பக்கம் மக்தப் பிள்ளைகளுக்கான கழிப்பறையில் கதவு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று நிர்வாகிகள் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

இங்கே ஒரு மஸ்அலா. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள், "ஜகாத்தில் கழிப்பறை கட்டித் தரலாமா?" என்று கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருளைத் தகுதியுள்ள மனிதரின் கையில் உடைமையாக ஒப்படைக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபிலும் பொதுக் கட்டடங்களுக்கு ஜகாத் பணத்தைச் செலவிட இடமில்லை. தற்கால அறிஞர்கள் சிலர் விரிவாகப் பொருள் கொண்டாலும், நம் ஊர்களின் நடைமுறை அதுவல்ல. எனவே சதகா, லில்லாஹ் நிதி, வக்ஃபு வருமானம் ஆகியவற்றிலிருந்து கட்டுங்கள். தன் வீட்டில் கழிப்பறை கட்ட வழியில்லாத ஏழைக்கு ஜகாத் பணத்தை அவர் கையிலேயே கொடுத்தால், அதை அவர் அந்தத் தேவைக்குச் செலவிட்டுக்கொள்ளத் தடையில்லை. மாத்திரை வாங்கித் தருகிறோம் என்று நாம் புறப்பட வேண்டியதில்லை, அது அரசிடமே இருக்கிறது.

அரசின் பட்டியல் பள்ளியையும் அங்கன்வாடியையும் வைத்துத் தயாராவது. பள்ளியை விட்டுவிட்டு ஹிஃப்ளு மதரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைகள் அதில் விடுபட வாய்ப்பு அதிகம். பள்ளி செல்லாத பிள்ளைகள் அங்கன்வாடியில் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஐம்பது பிள்ளைகள் தங்கியிருக்கும் மதரஸாவின் நாஜிர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் கொடுத்துவிடுவது நல்லது.

வரும் ஆண்டுகளுக்கு இன்னொன்றும் உண்டு. பிறை பார்ப்பதைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் ஆனாலும், 2027, 2028, 2029 மூன்று ஆண்டுகளிலும் பிப்ரவரி 10 ரமளானுக்குள் வருகிறது. நோன்பு வைத்த பிள்ளை பகலில் மாத்திரையை மென்றால் நோன்பு முறிந்துவிடும். இது அன்றே சாப்பிட்டாக வேண்டிய அவசர மருந்தும் அல்ல. பிள்ளை மறுத்தால் ஆசிரியர் தவறாக நினைக்கக் கூடாது, ஆசிரியர் கொடுத்தால் நாமும் தவறாக நினைக்கக் கூடாது. விடுபட்டவர்களுக்கென்று பிப்ரவரி 17-ஐ ஒட்டி நடக்கும் இரண்டாம் நாளும் 2027, 2028-ல் நோன்புக்குள்ளேயே வருகிறது. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப விதி இடம் தருவதில்லை. ஆகவே நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்திலோ, பெருநாள் கழித்துப் பள்ளியிலோ கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு, ஜனவரி மாதமே ஜமாஅத் லெட்டர்பேடில் தலைமையாசிரியருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.